பழைய புல்லட்டில் சைலன்சர் வெடிக்கிறதா? கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் 1996-ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்றை வாங்கினேன். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான் வண்டியின் குணம் தெரிந்தது. ஆக்சிலேட்டரை விட்ட ஒவ்வொரு முறையும் சைலன்சர் பட்பட்டென்று வெடித்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். ஒரு வளைவில் எதிரே வந்த பெரியவர் தம் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் கடந்து போகும்வரை முறைத்தபடி நின்றார்.

அதன் பிறகு நான்கு மாதம், மூன்று பட்டறை, ₹6,400 செலவு. புதிய ஜெட் (கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள பித்தளைத் துண்டு) போட்டார்கள், புதிய சைலன்சரும் மாட்டினார்கள். "புல்லட்டுன்னா வெடிக்கத்தான் செய்யும் தம்பி" என்று ஒருவர் சமாதானம் சொல்லி அனுப்பினார். கடைசியில் கண்டது முக்கியமாக இரண்டு குறைகள். ஒன்று, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பென்ட் பைப், எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி. மற்றொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்ப்பரேட்டரின் காற்று ஸ்க்ரூவை யாரோ தவறான திசையில் திருகி வைத்திருந்தார்கள். இரண்டையும் சரிசெய்ய ஆன பொருட்செலவு ₹1,000-ஐக்கூடத் தொடவில்லை. பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் என்னைப்போல் அலையாமல் இருப்பதற்காகச் செய்முறையை வரிசைப்படி எழுதுகிறேன்.

இது கார்ப்பரேட்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கானது. அளவுகளும் உதாரணங்களும் மிக்கார்ப் வி.எம்.24 கார்ப்பரேட்டர் பொருத்திய பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு உரியவை. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் வரிசையை அப்படியே பின்பற்றலாம். அளவுகளை மட்டும் தங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான் இருக்கும். அவற்றுக்கு இக்கட்டுரை உதவாது.

1. வெடிப்பது எங்கே, எப்போது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"வெடிக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையும்போது சைலன்சரில் படபடப்பது முதல் வகை. பலருக்கும் இருப்பது இதுதான். ஆக்சிலேட்டரை மூடியதும் எஞ்சினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டால், சில சுற்றுகளில் கலவை தீப்பிடிக்காமலேயே வெளியேறுகிறது. அது சூடான பென்ட் பைப்புக்குள் போய், அங்கே எங்கிருந்தாவது புதுக்காற்றும் சேர்ந்துகொண்டால், வெடிக்கிறது. ஆகவே இதற்கு இரண்டு காரணங்கள் கூட்டாளிகள்: கார்ப்பரேட்டரில் பெட்ரோல் குறைவு, சைலன்சர் இணைப்பில் காற்றுக்கசிவு.

ஆக்சிலேட்டரைத் திருகும்போது கார்ப்பரேட்டர் வழியாகவே தும்முவதுபோலத் திரும்பி அடிப்பது இரண்டாம் வகை. இதற்கும் பெட்ரோல் குறைவு காரணமாகலாம். ஆனால் இன்டேக் வால்வு சரியாக மூடாததும் பற்றவைப்பு நேரம் (பிளக் பொறிவிடும் தருணம்) தவறியதும் அதே அளவுக்குச் சாத்தியம். எந்த வேகத்திலும், எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒரு பெரிய வெடி வெடித்து வண்டி குலுங்குவது மூன்றாம் வகை. அதற்குப் பெரும்பாலும் பிளக்குக்கு மின்பொறி தரும் பாயின்ட், கண்டென்சர், தளர்ந்த ஒயர் ஆகியவற்றையே பார்க்கவேண்டும்; கார்ப்பரேட்டரைத் தொடவே வேண்டாம்.

நீண்ட இறக்கத்தில் ஓரிரு முறை மெல்லப் படபடப்பது பழைய புல்லட்டில் இயல்பு. அதையும் முற்றிலும் ஒழிக்கப் போனால் பெட்ரோலை அளவுக்கு மீறிக் கூட்டிவிடுவோம். அதன் விலை புகைப் பரிசோதனையில் தெரியும்.

2. ஆவணங்களையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்து வையுங்கள்

ஸ்பேனருக்கு முன் காகிதம். வண்டியின் கையேடு இல்லையென்றால் பழைய உதிரிபாகக் கடைகளில் நகல் கிடைக்கும். நான் ₹150 கொடுத்து வாங்கினேன். பாயின்ட் இடைவெளி, பிளக் இடைவெளி, டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கும் முறை, ஜெட் எண்கள் ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். ஜெட்டின் பித்தளைத் தலையிலேயே எண் பொறித்திருப்பதால், முன்பு வைத்திருந்தவர் எதை மாற்றினார் என்பதை ஒப்பிட்டு அறியலாம்.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி தயாரான ஆண்டைப் பாருங்கள். புகை வரம்பு அதைப் பொறுத்தது. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை அனுமதி. அதன் பிறகு வந்த, பி.எஸ்.4-க்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 3.5 சதவீதமும் 4,500 பி.பி.எம்.மும்தான். புகைச் சான்றிதழ், காப்பீடு இரண்டின் கடைசித் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் முடிய ஒரு மாதமாவது இருக்கும்போது வேலையைத் தொடங்குவது நல்லது; முடிந்துபோன சான்றிதழோடு சோதனை ஓட்டம் போனால் மாட்டிக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான அபராதம் ₹10,000 வரை போகலாம்.

குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்குத் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த மாற்றம், விளைவு என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். பட்டறைகளில் நான் இழந்த பணத்துக்கெல்லாம் மூலகாரணம் ஒன்றே: ஒரே நாளில் ஜெட்டையும் பிளக்கையும் பாயின்ட்டையும் மாற்றிவிட்டார்கள், எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

3. கருவிகள், செலவு, நேரம்

எனக்கு ஆன செலவு இது: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்) ₹160, பிளக் ₹130, கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ₹320, கார்ப்பரேட்டர் பேக்கிங்கும் ஓ-ரிங்கும் ₹90, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசை ₹180. சேலம் கடைகளில் நான் கொடுத்த விலைகள். உங்கள் ஊரில் சிறிது மாறலாம். ஸ்பேனர்களும், ஜெட்டின் வெட்டில் ஆடாமல் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் வேண்டும். ஜெட் மெல்லிய பித்தளை. பொருந்தாத டிரைவரால் ஒருமுறை வழுக்கினால் வெட்டு மழுங்கிவிடும். பிறகு அதைக் கழற்ற லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு சனி, ஞாயிறு முழுவதும் ஒதுக்குங்கள். கசிவு, டேப்பெட், பாயின்ட் ஆகியவற்றை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், ஸ்க்ரூவைச் சூடாக இருக்கும்போதும் பார்க்கவேண்டியிருப்பதால் ஒரே மூச்சில் முடிக்க இயலாது. வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

4. சைலன்சர் பக்கத்தில் காற்றுக்கசிவு

இந்த வகைப் புல்லட்டில் பென்ட் பைப், ஹெட்டின் துளைக்குள் செருகப்பட்டுத்தான் நிற்கிறது. ஆண்டுக்கணக்கான அதிர்வில் அந்த இடம் தளர்ந்துபோகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள். என் வண்டியில் பைப்பின் அடிப்பக்கத்தில், நின்றபடி பார்த்தால் தெரியாத இடத்தில், கரி ஒரு கோடாகப் படிந்திருந்தது. தொட்ட விரல் மை தொட்டதுபோலக் கறுத்தது. மூன்று பட்டறைகளிலும் யாரும் குனிந்து பார்க்காத இடம் அது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய உடனேயே இணைப்பைச் சுற்றிச் சோப்பு நீரை ஊற்றினால், கசியும் இடத்தில் குமிழி வரும். இதை முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் முடித்துவிடுங்கள்; பைப் சூடாகிவிட்டால் நீர் தெறித்துக் கையைச் சுடும். பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப்பையும் இதேபோல் பாருங்கள். கசிவு இருந்தால் பைப்பைக் கழற்றி, இரு பக்கமும் உள்ள கரியைச் சுரண்டி, வெப்பம் தாங்கும் பசையை மெல்லிய படலமாகத் தடவிச் செருகி, தாங்கிகளின் போல்ட்டுகளை இறுக்குங்கள். பசை இறுக ஒரு இரவு கொடுக்கவேண்டும். அவசரப்பட்டு உடனே கிளப்பினால் மறுபடி முதலிலிருந்துதான்.

டிகம்ப்ரஷர் (கிக் அடிக்குமுன் சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் அமைப்பு) கேபிளையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். அது இழுத்துக் கட்டியதுபோல விறைப்பாக இருந்தால் டிகம்ப்ரஷர் வால்வு முழுதாக மூடாது. எரியாத கலவை அதன் வழியே நழுவும். கேபிளில் சிறிது தொய்வு இருக்கவேண்டும்.

உட்பக்கத் தடுப்புகளை எடுத்துவிட்ட சைலன்சர் பொருத்தியிருந்தால், எதைச் சரிசெய்தாலும் வெடிப்பு முழுதாக அடங்காது. பி.எஸ்.3, பி.எஸ்.4 கால வண்டி சிலவற்றில் புகையைக் குறைப்பதற்காகவே சைலன்சர் பாதைக்குள் காற்றை விடும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் வால்வு பழுதானாலும் இதே படபடப்பு வரும். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

5. கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவு

கார்ப்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று புகுந்தால், ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் (ஆக்சிலேட்டர் திருகாமல் எஞ்சின் மெல்ல ஓடுவது) நிலைக்காது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பின் மேல் தண்ணீரைப் பூச்சட்டி ஸ்ப்ரேயால் மென்மையாகப் பீய்ச்சுங்கள். எஞ்சின் சத்தம் மாறினாலோ தடுமாறினாலோ அங்கே கசிவு இருக்கிறது. பலர் இதற்குக் கார்ப்பரேட்டர் கிளீனரையே அடிக்கிறார்கள். அது தீப்பற்றும் பொருள். சூடான எஞ்சின் மீதும் பொறி பறக்கும் பிளக் ஒயர் அருகிலும் அதை அடிப்பது ஆபத்து.

கசிவு இருந்தால் பேக்கிங்கையும் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். கார்ப்பரேட்டரைப் பிடிக்கும் நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கசிகிறதே என்று ஒரு பக்கத்தை மட்டும் முழு பலத்தோடு முறுக்கினால் அலுமினிய ஃப்ளேஞ்ச் (இணைப்புத் தட்டு) வளைந்துவிடும்; அதன் பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் கசியும். வளைந்திருக்கிறதா என்று அறிய, கழற்றிய பின் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள்.

6. டேப்பெட், பாயின்ட், பிளக்

டேப்பெட்டை முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்கவேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். பிஸ்டன், அழுத்தச் சுற்றின் உச்சியில் இருக்கும்போது பக்கவாட்டு மூடியைத் திறந்தால் வால்வுகளைத் திறக்கும் கம்பிகளான இரண்டு புஷ்ராடுகள் தெரியும். அவற்றை விரல்களால் தடையின்றி உருட்ட முடியவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. உருட்ட முடியாமல் இறுகியிருந்தால் அந்த வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். எக்ஸாஸ்ட் வால்வு மூடாவிட்டால் சைலன்சரிலும், இன்டேக் வால்வு மூடாவிட்டால் கார்ப்பரேட்டரிலும் வெடிக்கும். எக்ஸாஸ்ட் வால்வை அப்படியே விட்டு ஓட்டினால் அதன் விளிம்பு கருகிவிடும். ஹெட்டைக் கழற்றவேண்டிய செலவு அது.

பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கவேண்டும். முகப்பில் குழியும் மேடும் விழுந்திருந்தால் தேய்த்துச் சமாளிப்பதைவிடப் புதிது போடுவதே சிக்கனம். பற்றவைப்பு நேரம் பின்தங்கினால் எரிந்து முடியாத நெருப்பே சைலன்சருக்குள் போய்விடும். நேரத்தைச் சரிபார்க்கும் அனுபவம் எனக்கு இல்லாததால் இந்த ஒரு வேலையை மட்டும் புல்லட் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ₹200 கொடுத்துச் செய்துகொண்டேன்.

பிளக்கைப் புதிதாகப் போட்டு, பழையதை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிறம் பிறகு ஒப்பிட உதவும்.

7. கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தல்

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து வைத்து வேலை செய்தால், கழன்று விழும் சின்னஞ்சிறு ஸ்பிரிங் கண்ணில் படும். சிமென்ட் தரையில் விழுந்த ஒரு ஸ்பிரிங்கைத் தேடி நான் அரைநாள் இழந்தேன்.

மேல்மூடியைத் திருகி எடுத்தால் கேபிளோடு ஸ்லைடும் (காற்று வழியைத் திறந்து மூடும் உருளை) நீடிலும் (பெட்ரோல் அளவை மாற்றும் ஊசி) வரும். கீழ்க் கிண்ணத்தைக் கழற்றினால் ஃப்ளோட்டும் (மிதவை) இரண்டு ஜெட்டுகளும் தெரியும். பெரியது மெயின் ஜெட். உள்ளே பதுங்கினாற்போல் இருப்பது ஸ்லோ ஜெட். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது இதுதான். நம் வியாதிக்கு இதன் துளைதான் முக்கியம். கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்தால் வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியவேண்டும். என் வண்டியில் அது பிறைபோலத் தெரிந்தது. பாதித் துளையில் பச்சை கலந்த பிசின் அடைத்திருந்தது.

ஊக்கு, தையல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். துளை ஒரு சுற்று அகன்றாலும் ஜெட்டின் அளவே மாறிவிடும். கிளீனரை அடித்து அரைமணி ஊறவிட்டு, பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்றடிக்கச் சொல்லுங்கள். கார்ப்பரேட்டர் உடலில் உள்ள எல்லாப் பாதைகளுக்கும் அதே காற்று போகவேண்டும். கிளீனர் படுவதற்கு முன் ரப்பர் பாகங்களையெல்லாம் எடுத்துவிடவேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை விழுந்திருக்கிறது.

திரும்பப் பொருத்தும்போது ஒரு சிக்கலுண்டு. ஸ்லைடின் வெட்டுப் பகுதி ஏர் ஃபில்டரை நோக்கியும், அதன் பள்ளம் உள்ளேயிருக்கும் முளையிலும் பொருந்தவேண்டும். அழுத்தித் திணித்தால் ஸ்லைடு பாதியில் சிக்கிக்கொள்ளும். கிளப்பியதும் எஞ்சின் அலறும். கிளப்புவதற்கு முன் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு மூடவேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் இதைச் சோதியுங்கள்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். பம்புகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் சேராத பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்தக் கலவைக்கு 13.5 பங்கு அளவே போதும். நம் கார்ப்பரேட்டரோ பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டோடு பழைய கணக்கிலேயே காற்றை விடுகிறது. ஆக, யாரும் எதையும் தொடாமலேயே வண்டி பெட்ரோல் குறைந்த பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டு நிறுத்துங்கள்.

8. அது காற்று ஸ்க்ரூவா, பெட்ரோல் ஸ்க்ரூவா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். பெரியது ஐட்லிங் ஸ்க்ரூ. ஸ்லைடை ஏற்றி இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. சிறியதுதான் கலவையை மாற்றுவது. அது ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் காற்று ஸ்க்ரூ: உள்ளே திருகினால் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோல் மிகும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ: வெளியே திருகினால்தான் பெட்ரோல் மிகும். இரண்டும் நேர் எதிர்.

மிக்கார்ப் வி.எம்.24-இல் இருப்பது காற்று ஸ்க்ரூ. பிற்காலத்து சி.வி. வகைக் கார்ப்பரேட்டர்களில் பெரும்பாலும் பெட்ரோல் ஸ்க்ரூ. புதிய வண்டிகளிலேயே பழகிய மெக்கானிக், பெட்ரோலைக் கூட்டுவதாக நினைத்து என் வண்டியின் ஸ்க்ரூவை நான்கு சுற்று வெளியே எடுத்து வைத்திருந்தார். அவர் கூட்டியது காற்றை. வெடிப்பு அதிகமாகவே, பெரிய ஜெட் போடவேண்டும் என்றார். பற்றவைப்பு நேரம் பார்த்துக் கொடுத்த அந்தப் பெரியவர்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "இது காத்து ஸ்க்ரூ கண்ணு. உள்ள போனாத்தான் பெட்ரோலு" என்றார்.

9. திருகும் முறை

முதலில் எஞ்சின் நின்றிருக்கும்போது, காற்று ஸ்க்ரூவை உள்ளே திருகி அது மெல்ல முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். எல்லாம் கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப அந்த எண் போதும். முட்டிய பின் இறுக்காதீர்கள். ஸ்க்ரூவின் கூர்முனையில் பள்ளம் விழுந்தால் பிறகு எந்த அளவும் நிலைக்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வையுங்கள்.

இப்போது வண்டியை 15 நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுதாக விடுபட்டிருக்கவேண்டும். ஏர் ஃபில்டரும் அதன் மூடியும் பொருத்தப்பட்டே இருக்கவேண்டும். வசதிக்காக ஃபில்டரைக் கழற்றிவிட்டு டியூன் செய்தால், திரும்ப மாட்டியதும் எல்லாம் மாறிவிடும்.

வண்டியை நேராக ஸ்டாண்டில் நிறுத்தி, ஐட்லிங்கை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி வைத்து, காற்று ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருந்து கேளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் எஞ்சின் வேகம் தானாகக் கூடி, அடி சீராக விழும். அதைத் தாண்டினால் இரு பக்கமும் வேகம் குறையும். அந்த உச்ச இடத்தில் நிறுத்தி, கூடிய வேகத்தை ஐட்லிங் ஸ்க்ரூவால் குறையுங்கள். பிறகு மறுபடி காற்று ஸ்க்ரூ, மறுபடி ஐட்லிங். மூன்று சுற்று இப்படிச் செய்தால் இடம் பிடிபட்டுவிடும். கடைசியாக, வெடிப்புக்கு மருந்தாக, காற்று ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று மட்டும் உள்ளே திருகுங்கள்.

சோதனை ஓட்டத்தை வெறிச்சோடிய நேரான சாலையில் செய்யுங்கள். மூன்றாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டுக் கேளுங்கள். இன்னும் படபடத்தால் இன்னோர் அரைக்கால் சுற்று உள்ளே. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்க்ரூவைத் தொடர்ந்து திருகாமல் நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்க் கசிவை மறுபடி தேடுங்கள்.

முட்டிய இடத்திலிருந்து அரைச் சுற்றுக்கும் குறைவான இடத்தில்தான் எஞ்சின் சீராகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது அல்லது ஓர் எண் பெரியது தேவை. மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தால்தான் சீராகிறது என்றால் ஜெட் பெரிதாக இருக்கிறது. அடைப்பை உறுதிசெய்த பிறகே ஜெட் வாங்குங்கள்.

எங்கே டியூன் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் முதல்முறை ஏற்காட்டில் நண்பர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தேன். மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காற்று மெல்லியது. மெல்லிய காற்றில் கார்ப்பரேட்டர் தானாகவே பெட்ரோல் மிகுந்த நிலைக்குப் போவதால், சரியான இடம் என்று நான் பிடித்தது சேலத்துக்கு இறங்கியதும் பெட்ரோல் குறைந்த இடமாயிற்று. எந்த ஊரில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அங்கேயே செய்யுங்கள்.

10. நீடில் கிளிப்: தேவைப்பட்டால் மட்டும்

ஆக்சிலேட்டரைப் பாதி திருகி ஓட்டும்போது கார்ப்பரேட்டர் தும்மினால் நீடிலைப் பார்க்கலாம். நீடிலில் ஐந்து பள்ளங்கள் உண்டு. கிளிப் வழக்கமாக நடுவில் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறி, பெட்ரோல் கூடும். ஒரு பள்ளத்துக்கு மேல் மாற்றாதீர்கள். ஆக்சிலேட்டரை விடும்போது வரும் படபடப்புக்கும் நீடிலுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் நல்லது. வெள்ளை படிந்திருந்தால் பெட்ரோல் குறைவு. கறுத்துக் கரி உதிர்ந்தால் அதிகம்.

11. புகைச் சான்றிதழும் அதன் பிறகும்

வேலை முடிந்த அதே வாரத்தில் புகைப் பரிசோதனைக்குப் போங்கள், பழைய சான்றிதழுக்கு நாள் இருந்தாலும். அந்தக் கருவிதான் உங்கள் காது சொன்னது சரியா என்று எண்ணில் காட்டும். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். வீட்டிலிருந்து நேரே ஓட்டிப் போய் நிறுத்துங்கள். ஆர்.சி. புத்தகமும் உரிமையாளரின் கைபேசி எண்ணும் கேட்பார்கள். வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால் எண்ணின் பொருட்டு அலைச்சல் வரும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

படபடப்பு அறவே கேட்கக்கூடாது என்ற ஆசையில் காற்று ஸ்க்ரூவை ஏறக்குறைய முழுதும் உள்ளே திருகி வைத்துத்தான் நான் முதல்முறை போனேன். கார்பன் மோனாக்சைடு 5.2 என்று காட்டியது, தோல்வி. வீட்டுக்கு வந்து முக்கால் சுற்று வெளியே எடுத்து மறுநாள் போனபோது 3.4. இறக்கத்தில் இரண்டொரு படபடப்பு திரும்பி வந்தது, அதோடு வாழ்கிறேன்.

பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிக்குச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். 15 ஆண்டு கடந்த வண்டியின் ஆர்.சி. புதுப்பிப்பு நெருங்கினால் படிவம் 25, காப்பீடு, பசுமை வரி ரசீது ஆகியவற்றோடு இந்தச் சான்றிதழும் வேண்டும். பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், டியூனிங்கை அந்த 60 நாளின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரே சான்றிதழ் இரண்டு வேலைக்கும் ஆகும்.

500 கி.மீ. ஓடிய பின் சைலன்சர் கிளாம்ப்பையும் கார்ப்பரேட்டர் நட்டுகளையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். என் வண்டியில் கிளாம்ப் போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தது.